ரெண்டாவது ஓட்டை

எல்லாரும் உக்காருங்கப்பா. ஏய், அந்தப் பேச்ச நிறுத்து. இப்ப நான் நம்ம அகழாய்வுத் தலைவர் அருளப்பன் சார் மாதிரி நடிச்சுக் காட்டப்போறேன். சிரிக்கிறவங்க முன்னாடியே சிரிச்சு முடிச்சிருங்க.

அகழாய்வுக்குத் தோண்டுற குழியில ஒரு பழங்காலத்துத் தாயத்து கெடச்சுச்சு. மான் எலும்பு. கயிறு கோக்க ஒரு ஓட்டை.

பத்திரிகைக்காரங்க பாத்துட்டிருக்க, கல்லா எலும்பான்னு காட்ட சார் அத நாக்குல வச்சாரு. ஒட்டிக்கிச்சு.

"கய்யுன்னா வியுந்திரும். எயும்புதான் ஒட்டும்." நாக்க உள்ள இழுக்காமலே சொன்னாரு. எல்லாரும் கைதட்டுனோம்.

சாருகிட்ட ஆராய்ச்சி பண்ற புள்ள மாடத்தி. வாயே தொறக்காது. தாயத்துல மரபணு கெடச்சாதான் அவளுக்குப் பட்டம். ஒரே ஒரு தடவ கேட்டா.

"சார், மேல பலபேரு கை பட்டிருக்கும். உள்ள துளைச்சு ஒரு சிட்டிகை தூள் எடுக்கட்டுமா?"

சார் துளைக்கிற மெஷின எடுத்தாரு. அவ விரலப் புடிச்சு, பக்கத்துல கொண்டுபோய், ர்ர்ர்னு ஓட்டுனாரு.

அவ கைய இழுத்துக்கிட்டா.

"ஏற்கெனவே அதுல ஒரு ஓட்டை இருக்கும்மா. ரெண்டாவது ஓட்டை போட நம்ம யாரு?"

நாங்க உருகிப்போயிட்டோம். எனக்குக் கண்ணே கலங்கிருச்சு, சத்தியமா.

மருந்துத் தண்ணியில ஊறப்போட்டு, வெதுவெதுன்னு சூடு காட்டச் சொன்னாரு. எலும்புல கீறல் விழாது, உள்ள இருக்கிற மரபணு தானாக் கரைஞ்சு வரும். நம்ம ஊரு வெயில்ல கெடந்த எலும்புல இருந்ததே துளியூண்டு. அம்புட்டும் அந்தத் தண்ணிக்கே போச்சு, அதத்தான் சோதனைக்கு அனுப்புனோம்.

முடிவு வந்துச்சு. கெடச்ச மரபணு மானோடது இல்ல. மனுஷனோடது. அதுவும் பழைய ஆளு இல்ல, இன்னைக்கு உயிரோட சோறு திங்கிற ஆளு.

சார் குதிச்சாரு. கையுறை போடாம தொட்டது மாடத்திதான்னாரு. பட்டத்த மறந்துட்டு ஊருக்குப் போய்ச் சேருன்னாரு. போறதுக்கு முன்னாடி எல்லார் எச்சிலயும் எடுத்து ஒப்பிட்டுப் பாரு, உன் லட்சணம் ஊருக்கே தெரியட்டும்னாரு.

நாங்க வரிசையா நின்னு வாயத் தொறந்தோம். அவ பஞ்சுக்குச்சி விட்டு எடுத்தா. அவளோடதும் சேத்துதான் அனுப்புனா.

ஒண்ணும் பொருந்தல. அவளோடதும்தான்.

சார் மேசையத் தட்டுனாரு. "அப்ப மிச்சம் எவன்?"

மாடத்தி புதுசா ஒரு பஞ்சுக்குச்சியப் பிரிச்சா.

"நாக்க நீட்டுங்க சார்."