மாஸ்க்கை மாட்டிவிட்டவன்

விண்கலத்தில் ஓர் இடம்தான் மீதி இருந்தது. அதற்கு இருவர் மிஞ்சினார்கள்: விமானி அன்வர், பொறியாளர் பொற்கொடி. ஓட்டம், சுழல் இயந்திரம், தனிமை அறை என்று எல்லாச் சோதனைகளையும் சேர்ந்தே கடந்தவர்கள். சுழன்று இறங்கி அவள் வாந்தி எடுத்தபோது அவன்தான் தலையைப் பிடித்துக்கொண்டான்.

கடைசிச் சோதனை, காற்று மெலிந்த அறையில். ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுக் கணக்குப் போட வேண்டும். மயக்கம் நெருங்குவதைத் தானே உணர்ந்து மாஸ்க்கை மாட்டிக்கொண்டால் தேர்ச்சி. எதிரில் இருப்பவர் மாட்டிவிட்டால் தோல்வி.

அன்வர் முதலில் தேறினான். தன் முறைக்குமுன் பொற்கொடி சொன்னாள்: "போன வருஷத் தேர்வுல கூட இருந்தவங்க அவசரப்பட்டு எனக்கு மாட்டிவிட்டுட்டாங்க, தோத்துட்டேன். நானா கேக்குற வரைக்கும் நீ தொடக் கூடாது. சத்தியம் பண்ணு."

"சத்தியம்."

கழற்றியதும் ஒழுங்காகத்தான் எழுதினாள். பிறகு ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதினாள். உதடு நீலம் பாரித்தது. முகத்தில் மட்டும் சிரிப்பு.

"மாஸ்க்கைப் போடு, பொற்கொடி!"

வேண்டாமெனத் தலையசைத்தாள். அவன் எட்டி மாட்டிவிட்டான்.

வெளியே வந்து விஷயம் புரிந்ததும் அவள் குலுங்கி அழுதாள். சோதனையை நடத்திய டாக்டர் சுகந்தி அன்வரிடம் சொன்னார்: "கருவியில அவங்க ஆக்சிஜன் அளவு ஆபத்து எல்லையைத் தொடலை. கொஞ்சம் பொறுத்திருக்கலாம். ஆனாலும் விதிப்படி இடம் உங்களுக்குத்தான். நீங்க மறுத்தாலும் அவங்களுக்குக் கிடைக்காது."

"வேண்டாம் மேடம். அவளுக்குக் கொடுத்த சத்தியத்தை மீறிட்டு அந்த இடத்துல நான் எப்படி உட்காருவேன்?"

பொற்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உன்மேல கோபம் இன்னும் போகலை. ஆனா நீதான் போகணும். அங்க ஒருத்தருக்கு மூச்சு முட்டினா பார்த்துக்கிட்டு நிக்காத ஆள் வேணும்."

கேட்டவர்களே, சொல்லுங்கள்: அன்வர் சத்தியத்தை மீறியது சரியா? இடத்தை மறுத்தது சரியா? டாக்டர் யார் பேச்சைக் கேட்க வேண்டும்?

விடை: சத்தியம் வாங்கியவள் தெளிவாக இருந்த பொற்கொடி. தலையசைத்தவளோ தன் நிலை அறியாதவள். அவளாகக் கேட்பாள் என்று காத்திருப்பதில் பொருளே இல்லை. கருவி பொறுத்திருக்கலாம், நண்பன் பொறுக்கக் கூடாது. எனவே மீறியது சரி. மறுத்ததுதான் பிழை, அதனால் அவள் இழந்தது திரும்பி வராது. பொற்கொடி பேச்சைத்தான் டாக்டர் கேட்டார், அன்வரையே அனுப்பினார். தரையிலிருந்து கலத்தோடு பேசும் பொறுப்பை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். கலம் பூமியைச் சுற்றத் தொடங்கியதும் அன்வர் காதில் விழுந்த முதல் குரல் அவளுடையது.

"அன்வர், சாப்பிட்டியா?"