படிக்கத்தில் விழுந்த கண்ணீர்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் வம்பு என்று நான் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், கண்ணீரைக் கண்டாலே ஆகாத ராஜா ஒருவர் இருந்தார். தம் குழந்தை இறந்த அன்றுகூட, கண் கலங்காமல் சபையில் உட்கார்ந்து அயல்நாட்டுத் தூதரிடம் பேசியவர். அதில் அவருக்கு ஒரு பெருமை.

அவருடைய அமைச்சர் சேந்தனார் தங்கமான மனிதர். பிரசவத்தில் இறந்த மகளுக்குக் காரியம் முடிந்த மறுநாளே, வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்கு நெல் போய்ச் சேர வேண்டுமே என்று சபைக்கு வந்துவிட்டார். நெல் பெறுவோர் பட்டியலைப் படித்தவர், 'கோதை' என்ற பெயரில் நின்றுவிட்டார். மகளின் பெயரும் அதுதான். ஒரு சொட்டுக் கண்ணீர் தரையில் விழுந்தது.

அவர் பதவிமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த வில்லவராயர் எழுந்தார்.

"பிரபு, சபையில் கண்ணீர் சிந்துவது அபசகுனம். தம் கண்ணையே அடக்கத் தெரியாதவர் நாட்டுக் காரியத்தை எப்படிப் பார்ப்பார்?"

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "நாளை முதல் எவருடைய கண்ணீர் இந்தத் தரையில் விழுந்தாலும், அவர் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். எவராயினும் சரி."

"அப்படியே, அமைச்சர் இன்று விட்ட பெயரிலிருந்தே நாளை படிக்கட்டும்" என்றார் வில்லவராயர், வாயெல்லாம் பல்லாக.

சிரிக்க வைப்பதுதான் விகடகவி பூவாண்டியின் பிழைப்பு. ஆனாலும் துக்கப்பட்ட மனிதரை நடுச்சபையில் நிறுத்தி வேடிக்கை பார்ப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. வாசலில் சேந்தனாரை மறித்தான்.

"நாளைக்கு வராதீங்க ஐயா. காய்ச்சல்னு சொல்லிடலாம்."

"நான் படிச்சு முத்திரை வச்சாத்தான் களஞ்சியத்தைத் திறப்பாங்க, பூவாண்டி. அங்க பசியோட காத்திருக்காங்க."

இப்படியும் ஒரு மனிதரா என்று பூவாண்டி கையெடுத்துக் கும்பிட்டான். எப்படியாவது இவரைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

மறுநாள் சேந்தனார் பட்டியலைப் பிரித்து, 'கோதை' என்றார். கண் நிரம்பிவிட்டது. பூவாண்டி ஓடிவந்து, புளி போட்டுத் துலக்கிய பித்தளைப் படிக்கத்தை அவர் மோவாய்க்குக் கீழே ஏந்தினான். ஆமாம், வெற்றிலை எச்சில் துப்புகிற அதே பாத்திரம்தான்.

"என்ன கூத்து இது?" என்றார் ராஜா.

"தங்கள் கட்டளையைக் காக்கிறேன், பிரபு. தரையில்தானே விழக்கூடாது?" என்ற பூவாண்டி, சேந்தனாரிடம், "நீங்கள் படியுங்கள் ஐயா" என்றான்.

சேந்தனார் அழுதுகொண்டே படித்தார். ஒரு பெயரையும் விடவில்லை. படிக்கமும் கையுமாகப் பூவாண்டி நின்ற கோலத்தைப் பார்த்து வில்லவராயர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் தளும்பி, சொட்டென்று தரையில் விழுந்தது.

"பிரபு, அதோ ஒரு சொட்டு" என்று காட்டினான் பூவாண்டி.

வில்லவராயரின் முகம் செத்துப்போயிற்று. "அது சிரித்ததால் வந்தது, பிரபு."

"எதனால் வந்த கண்ணீர் என்று கட்டளையில் ஒன்றும் இல்லையே" என்றான் பூவாண்டி.

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். அவர் கண்ணிலும் நீர் வந்துவிட்டது. பூவாண்டி ஒரே ஓட்டமாக ஓடிப் படிக்கத்தை ராஜாவின் மோவாய்க்குக் கீழே பிடித்தான்.

"எவராயினும் சரி என்று சொல்லியிருக்கிறீர்கள், பிரபு."

ராஜா இன்னும் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது, கண்ணீர் நிற்கவில்லை. குழந்தை போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது.

கட்டளை அன்றே ரத்தாயிற்று. அதனால் தப்பிய வில்லவராயர், நெல் வண்டிகளோடு போய்த் தம் கையாலேயே அளந்து கொடுக்க அனுப்பப்பட்டார். சேந்தனார் ராஜாவின் பல்லக்கில் வீட்டுக்குப் போனார். ராஜா தம் முத்துமாலையைக் கழற்றிப் பூவாண்டிக்குப் போட்டு, "அந்தப் படிக்கத்துக்கும் தங்கமுலாம் பூசித் தருகிறேன், நீயே வைத்துக்கொள்" என்றார்.

"மாலை போதும், பிரபு. படிக்கம் இங்கேயே இருக்கட்டும். நாளைக்கு யாருக்கு வேண்டியிருக்குமோ."

ராஜா மறுபடியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, அதைச் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில், தம் கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்கச் சொன்னார்.