கழித்தல் குறி மூன்றை ஒட்டி நின்ற கதை

அந்தக் காலத்தில், அச்சுக்கூடத்து ஈய எழுத்துகளுக்கெல்லாம் வாய் இருந்தது. சாதாரண வாய் இல்லை. அச்சுக் கோக்கிறவர்களைப் பாடாய்ப் படுத்துகிற வாய். அதிலும் கணக்குக் குறிகளுக்கு ரோஷம் அதிகம். எங்கே நிறுத்தினாலும் இருபக்கமும் ஒரே அளவு இடம் விட வேண்டும் என்று சட்டம் பேசும்.

கோக்கிறவர்களில் ஞானதீபத்தின் கைக்கு மட்டும்தான் அவை அடங்கின. என்ன கை அது! ஒவ்வொரு குறியையும் மயிரிழை பிசகாமல் அதனதன் உயரத்தில் நிறுத்திவிடுவாள். ஒருநாள் பள்ளிக்கூடப் புத்தகத்துக்காக இந்த வரியைக் கோத்தாள்:

2 − 5 = − 3

பிழை பார்க்கிற பொன்னையா மாதிரி அச்செடுத்த தாளைக் கண்ணருகே பிடித்தார்.

"ஏம்மா, சமக்குறிக்குப் பக்கத்துல ஒரு கோடு சும்மா கெடக்கே. எடுத்து உருக்குச் சட்டியில போடு."

"ஐயோ அண்ணாச்சி, அது சும்மா கோடு இல்ல. மூணோட மைனஸ்."

"மூணு அங்கன நிக்கி, இது இங்கன நிக்கி. மூணுக்குச் சொந்தம்னு எந்தப் பிள்ளை நம்பும்? சொந்தம்னா காட்டு, இல்லன்னா தூக்கிப் போடு."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சட்டியில் ஈயம் கொதித்துக்கொண்டிருந்தது. கோடு அதில் விழுந்தால் ஊர்ப் பிள்ளைகளெல்லாம் இரண்டில் ஐந்து போனால் மூன்று என்று படிக்கும். ஞானதீபம் கோட்டின் பக்கம் குனிந்தாள்.

"கொஞ்சம் நகந்து மூணை ஒட்டி நில்லு," என்றாள் கோட்டிடம்.

"மாட்டேன். முன்னால நிக்கிற எங்க அண்ணனுக்கு ரெண்டு பக்கமும் இடம் விட்டிருக்கே. எனக்கு மட்டும் என்ன கொறச்சல்?"

"அவன் ரெண்டு பேருக்கு நடுவுல நின்னு கழிக்கான். உனக்கு இருக்கது மூணு ஒருத்தன்தான்."

அதுவரை வாய் திறக்காத மூன்று அப்போது சொன்னது: "நீ இல்லன்னா நான் பொய்யாப் போயிருவேன். வந்திரு."

கோடு முகத்தைத் திருப்பிக்கொண்டே மூன்றின் பக்கம் சாய்ந்தது. ரோஷக்காரர்கள் சம்மதிக்கிற விதம் அதுதான். ஞானதீபம் சாமணம் என்கிற சின்ன இடுக்கியால், இடம் விடுவதற்காக இடையில் வைத்திருந்த வெற்று ஈயக் கட்டையை உருவினாள். வரி தளர்ந்து எழுத்துகள் சரியாதபடி அதையே வரியின் கடைசியில் செருகினாள்.

2 − 5 = −3

பொன்னையா புதுத் தாளை வாங்கினார். "மைனஸ் மூணு," என்று அவர் வாய் தானாகவே படித்தது. "மிஷினுக்கு அனுப்பும்மா," என்றார்.

அன்று முதல்தான், இரண்டு எண்களுக்கு நடுவே கழிக்கும்போது இருபக்கமும் இடம் கேட்டு விறைத்து நிற்கிற கழித்தல் குறி, ஓர் எண்ணுக்கே சொந்தமாகிவிட்டால் அதன் தோளோடு ஒட்டி நிற்கிறது.