நாற்பது பேர் சபையும் ஒரு சாண் தண்ணீரும்

முன்னொரு காலத்தில், அதாவது ராஜாக்கள் தாங்களாக யோசித்த காலம் போய், ஆள் வைத்து யோசிக்க ஆரம்பித்த காலத்தில், ஒரு நாட்டைச் செண்டலங்காரர் என்ற அரசர் ஆண்டுவந்தார். நல்ல மனுஷர். வரி கூடுதலாக வாங்க மாட்டார், வீண் சண்டைக்குப் போக மாட்டார். ஒருநாள் பக்கத்து நாட்டுக் கல்யாணத்துக்குப் போனார் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை. அந்த ஊர் ராஜாவின் சபையில் முப்பத்தொன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நம் அரசருக்குப் பந்தியில் சாப்பாடே இறங்கவில்லை.

ஊர் திரும்பியதும் ஓர் ஆணை போட்டார். "இனி நம் சபையில் நாற்பது பேர். சின்னதோ பெரியதோ, எந்தக் காரியமும் சபையைக் கேட்டே நடக்கும். நாற்பது பேரும் ஒரே குரலில் சொன்னால்தான் அது முடிவு. நாம் எழும்வரை யாரும் எழக் கூடாது."

நாற்பது பேருக்கு எங்கே போவது? தளபதியைக் கூப்பிட்டார்கள், வைத்தியரைக் கூப்பிட்டார்கள், சோதிடர், யானைப் பாகர்களின் தலைவர், சமையல்கட்டுத் தலைவர் என்று அகப்பட்டவரை எல்லாம் பிடித்துப் போட்டார்கள். பழைய சபா மண்டபம் பன்னிரண்டு பேருக்குக் கட்டியது. இடம் போதவில்லை. மண்டபத்தின் நடுவே இருந்த பள்ளமான முற்றத்துக்கு மேலே பந்தல் போட்டு, கீழே ஜமுக்காளம் விரித்து, நாற்பது பேரையும் அங்கே இறக்கினார்கள். அரசர் மட்டும் ஐந்து படி மேலே சிம்மாசனத்தில் இருந்தார்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். அரண்மனைக் கிளிக்கு 'வணக்கம்' சொல்லிக் கொடுப்பதா, 'வாழ்க' சொல்லிக் கொடுப்பதா என்று ஆறு நாள் சபை கூடியது. ஏழாம் நாள் கிளி தானாகவே பேசிவிட்டது. "நாளைக்குப் பார்ப்போம்" என்றது. இதற்குள் யானைகள் குளித்து மாதம் ஒன்றாகியிருந்தது. மத்தியானச் சாப்பாடு பொழுது சாயும்போது வந்தது. வைத்தியர் சபையிலேயே இருந்ததால் நோயாளிகள் சிலர் தாங்களாகவே குணமாகிவிட்டார்கள். அதில் வைத்தியருக்கு ரொம்ப வருத்தம்.

சபை கூடக் கூடச் சந்தோஷப்பட்டவர் ஒருவர் உண்டு. பிரதானி வச்சிரவேலர். முன்பெல்லாம் ஒரு காரியம் கெட்டால் அரசர் அவரைத்தான் கேட்பார். இப்போது கேட்டால், "சபை முடிவு, அரசே" என்று சொல்லிவிடலாம். முடிவே வராவிட்டால் இன்னும் நல்லது. கெடுவதற்கு ஒன்றுமே இருக்காது.

இதையெல்லாம் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் அரண்மனை விகடன். அப்பா அம்மா வைத்த பெயர் உலகளந்தான். ஆள் என்னவோ நாலரை அடிதான். அவனைக் கண்டாலே பிரதானிக்கு ஆகாது.

ஐப்பசி பிறந்தது. மழை என்றால் மழை, அப்படி ஒரு மழை. ஆலங்கரை என்ற ஊரிலிருந்து ஒச்சப்பன் என்பவர் நனைந்துகொண்டே வந்து சபை வாசலில் நின்றார். ஏரியின் மடையைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அந்த நாட்டில் மடையைக் காப்பவருக்கு மடையர் என்று பெயர். மரியாதையான உத்தியோகம். பட்டணத்துக்காரர்கள்தான் அந்தச் சொல்லை எடுத்து ஆளைத் திட்டப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

"மகராசா, ஏரி நெறஞ்சு போச்சு. ரெண்டு ஊருக்குச் சண்டைன்னு மடைக் கதவுல நீங்க முத்திரை வச்சீங்க. தெறந்துவிட்டாத்தான் கரை நிக்கும். நான் கெளம்புறப்ப கரை மேட்டுக்கும் தண்ணிக்கும் நாலு சாண் எடைவெளி இருந்துச்சு. நாளுக்கு ஒரு சாண் ஏறுது. முத்திரைய ஒடைச்சா என் கை போகும். ஒடைக்கலேன்னா முந்நூறு வீடு போகும். ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி."

அரசர் பதறிப்போனார். "உடனே சபையைக் கூட்டு!" என்றார்.

முதல் நாள், இது தண்ணீர் சம்பந்தப்பட்டதா, முத்திரை சம்பந்தப்பட்டதா என்று பேசினார்கள். இரண்டாம் நாள், மழை விட்டுவிட்டால் என்ன செய்வது என்று பேசினார்கள். சாயங்காலம், விஷயம் மிகவும் அவசரமானது என்று பெரும்பாலோர் ஒப்புக்கொண்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு கலைந்தார்கள். ஒச்சப்பன் வாசல்படியிலேயே கிடந்தார். ஒரு கவளம் சோறு இறங்கவில்லை அவருக்கு. வீட்டில் மனைவியும், மூன்று நாளைக்கு முன்னால் கன்று போட்ட பசுவும் கரைக்கு நேர் கீழேதான்.

மூன்றாம் நாள் காலையில் அரசர் வந்தார். பக்கத்தில் நின்றது உலகளந்தான். "ம், சபையைக் கூட்டு" என்றார் அவனிடம்.

"உத்தரவு" என்று போனவன், பெரிய விளக்குமாறு ஒன்றை எடுத்துவந்தான். நாற்பது பேரும் உட்கார்ந்திருக்க, ஜமுக்காளத்தைத் தூக்கித் தூக்கிக் கூட்ட ஆரம்பித்தான். தளபதி காலைத் தூக்கினார். சோதிடர் தும்மினார். பிரதானியின் பட்டு அங்கவஸ்திரமெல்லாம் தூசி.

"அடே மடையா! என்ன செய்கிறாய்?" என்று கத்தினார் பிரதானி.

வாசலில் கிடந்த ஒச்சப்பன் துள்ளி எழுந்து ஓடிவந்தார். "கூப்பிட்டீங்களா சாமி?"

"உன்னை இல்லை, போ!" என்றார் பிரதானி. அந்த மனுஷர் முகம் வாடிப்போய்த் திரும்பினார். உலகளந்தான் விளக்குமாற்றை நிறுத்தி அவரையே பார்த்தான். அவனுக்குப் பாவமாக இருந்தது. அதோடு வேறொன்றும் தோன்றியது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

"உலகளந்தான், இது என்ன கூத்து?" என்றார் அரசர்.

"கூட்டச் சொன்னீர்கள், கூட்டினேன் அரசே. இத்தனை நாள் இங்கே பேசியதெல்லாம் எங்கே போயிற்று என்று பார்த்தேன். வெற்றிலைக் காம்பு பதினேழு, ஒற்றைக் கடுக்கன் ஒன்று, சோதிடருடைய பல் ஒன்று அகப்பட்டன. முடிவு என்று ஒன்றை மட்டும் எந்த மூலையிலும் காணோம்."

அரசருக்குச் சிரிப்பு வந்தது. பிரதானிக்குக் கோபம் வந்தது. ஆனால் குரலில் தேன் தடவிக்கொண்டு பேசினார். "அரசே, சபை கூடுவதால் நாட்டுக்கு நஷ்டம் என்று சொல்கிறார் விகடர். நல்லது. எவ்வளவு நஷ்டம்? அவருக்குப் பெயரே உலகளந்தான். உலகத்தை அளந்தவருக்கு ஒரு சபையை அளப்பது பெரிய காரியமா? நாளைக்கே இங்கே எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி அளந்து காட்டட்டும். காட்டாவிட்டால், ஆயுள் முழுக்க நாற்பத்தோராவது ஆளாக இந்தச் சபையில் உட்காரட்டும்."

உலகளந்தானுக்கு முகம் வெளுத்துவிட்டது. நாடு கடத்தியிருந்தால்கூட அவன் அவ்வளவு பயந்திருக்க மாட்டான்.

"சபாஷ்! நாளைக்கு அளந்து காட்டு" என்றார் அரசர். அவருக்கு வேடிக்கை என்றால் உயிர்.

"அப்படியே ஆகட்டும் அரசே. ஒரே ஒரு வேண்டுகோள். அளவைக் கருவிக்கு நான் ஒரு முத்திரை வைப்பேன். நாற்பது பேரும் ஒரே குரலில் சொன்னால் தவிர அதை உடைக்கக் கூடாது. தங்கள் ஆணைப்படிதான் கேட்கிறேன்."

"தந்தோம்" என்றார் அரசர்.

வெளியே வந்ததும் உலகளந்தான் ஒச்சப்பன் பக்கத்தில் உட்கார்ந்தான். "அண்ணே, சபையில் உங்களைப் பேர் சொல்லாமல், உத்தியோகத்தைச் சொல்லிக் கூப்பிட்டு ஒரு வேலை ஏவினால் என்ன செய்வீர்கள்?"

"என்ன தம்பி கேள்வி இது? ஏவுன வேலையச் செய்வேன்."

"அது போதும். இந்தாங்க, இந்த இட்லியையாவது சாப்பிடுங்க."

மறுநாள் விடியும்போதே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்த மண்டபத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் கல் தூம்புகள் வழியாக முற்றத்து ஓரத்தில் ஓடும் வாய்க்காலில் விழும். விழுந்த தண்ணீர் ஒரு மூலையில் இருக்கும் துவாரம் வழியாக வெளியே போய்விடும். இருப்பது அந்த ஒரே துவாரம்தான். உலகளந்தான் அதில் ஒரு மரக்கட்டையை இறுக அடித்தான். மேலே அரக்கை உருக்கி ஊற்றித் தன் மோதிரத்தால் முத்திரை வைத்தான். பக்கத்தில் சாண் சாணாகக் கோடு போட்ட ஒரு குச்சியை நட்டுவிட்டு, ஒரு முக்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

அரசர் வந்தார். நாற்பது பேரும் முற்றத்தில் அமர்ந்தார்கள். "எங்கே உன் அளவை?" என்றார் அரசர்.

"வைத்தாயிற்று அரசே. சபை நடக்கட்டும். ஆலங்கரை ஏரி விஷயமே நடக்கட்டும்."

நடந்தது. மடையைத் திறந்தால் கீழ் ஊர்க்காரர்கள் தண்ணீர் கேட்பார்களே என்றார் ஒருவர். கேட்டால் என்ன சொல்வது என்று முதலில் தீர்மானிப்போம் என்றார் இன்னொருவர். இதற்குள் வாய்க்கால் நிரம்பி ஜமுக்காளத்தின் ஓரம் நனைந்தது.

"தண்ணீர் வருகிறதே" என்றார் வைத்தியர்.

"இன்றைய பொருள் அது அல்ல" என்றார் பிரதானி.

"நாலு விரல்" என்று குச்சியைப் பார்த்துச் சொன்னான் உலகளந்தான்.

சம்மணம் போட்டு உட்கார்ந்தவர்களின் வேட்டி நனைந்தது. ஜமுக்காளத்தைச் சுருட்டலாமா என்று தளபதி கேட்டார். ஜமுக்காளம் தன் பொறுப்பு என்றும், தன்னைக் கேட்காமல் தொடக் கூடாது என்றும் சாமான் கிடங்குக்காரர் முறைத்தார். இந்தத் தண்ணீர் மழைத் தண்ணீரா, ஊற்றுத் தண்ணீரா என்று கண்டுபிடிக்க மூன்று பேரை நியமிக்கலாம் என்று சோதிடர் யோசனை சொன்னார். அவருடைய பஞ்சாங்கம் அவரை விட்டுத் தளபதி பக்கம் மிதந்து போய்க்கொண்டிருந்தது. பிரதானியின் வெற்றிலைப் பெட்டி அதற்குப் பின்னாலேயே போனது. ஓலை எழுதும் கணக்கர் மட்டும் ஏட்டைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் எழுதினார்.

எழுந்திருக்கலாம் என்றால் அரசர் எழவில்லை. அவர் மேலே, காய்ந்த சிம்மாசனத்தில், கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சாண்!" என்றான் உலகளந்தான்.

வாசலில் நின்ற ஒச்சப்பன் விம்மிவிட்டார். "எங்க ஊர்ல மிச்சமிருக்கிறதும் இந்த ஒரு சாண்தாங்க!"

யார் காதில் விழுந்தது? தண்ணீர் இடுப்பை எட்டியிருந்தது. ஐப்பசித் தண்ணீர், ஐஸ் மாதிரி. பிரதானிக்குப் பல் கிட்டியது. "விகடரே, அந்தக் கட்டையைப் பிடுங்கும்!"

"ஒருவர் சொன்னால் எப்படிப் பிரதானியாரே? முத்திரை வைத்தது. நாற்பது பேரும் ஒரே குரலில் சொல்ல வேண்டும்."

"பிடுங்கு!" என்றார் தளபதி. "எடு!" என்றார் வைத்தியர். "ஒரே வார்த்தையாக வரவில்லையே!" என்று உதட்டைப் பிதுக்கினான் உலகளந்தான்.

பிரதானிக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கையை ஓங்கித் தண்ணீரில் அறைந்தார். "அடே மடையா, திற!"

அவரை ஒட்டி முப்பத்தொன்பது பேரும், அந்தச் சபை கூடிய நாள் முதல் என்றுமே இல்லாத ஒற்றுமையோடு, மண்டபம் அதிரக் கத்தினார்கள். "மடையா, திற!"

"உத்தரவு சாமி!" என்று வாசலிலிருந்து ஒரு குரல் கேட்டது. ஒச்சப்பன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். கண்ணில் தண்ணீர் தாரை தாரையாக ஓடியது. "நாப்பது பேரும் சொல்லிட்டீங்க. நான் போய்த் தெறந்துடுறேன்!"

உலகளந்தான் கணக்கர் பக்கம் திரும்பினான். "ஐயா, என்ன எழுதியிருக்கிறீர்கள்? வாசியுங்கள்."

கணக்கர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆலங்கரை ஏரி விஷயம். 'மடையா, திற' என்று நாற்பது பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்."

அரசர் ஒரு கணம் விழித்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், தலைப்பாகை கழன்று ஐந்து படியும் உருண்டு தண்ணீரில் விழுந்தது. சிரித்துக்கொண்டே முத்திரை மோதிரத்தைக் கழற்றி ஒரு வீரனிடம் கொடுத்தார். "இந்த மடையரைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு பற!"

குதிரைச் சத்தம் தேய்ந்ததும் அரசரின் சிரிப்பும் தேய்ந்தது. "மூன்று நாள் வாசலில் நின்றாரே அந்த மனுஷர். ஒரு வார்த்தை நானே சொல்லியிருக்கலாமே" என்றார், மெதுவாக.

"அளந்துவிட்டேன் அரசே" என்று சொல்லிக்கொண்டே கட்டையைப் பிடுங்கினான் உலகளந்தான். "நாம் ஒரு சபை கூடினால் ஆலங்கரையில் ஒரு சாண் ஏறும். அவ்வளவுதான் அளவு."

பொழுது சாய்வதற்குள் சேதி வந்தது. மடையைத் திறந்தபோது கரைக்கு நாலு விரல்தான் பாக்கி. ஒரு வீடும் போகவில்லை. பசுவும் கன்றும் சுகம்.

அரசர் தன் தோளில் இருந்த சால்வையை எடுத்து உலகளந்தானுக்குப் போர்த்தினார். "வேறு என்ன வேண்டும், கேள்" என்றார். அவன் அந்த மரக்கட்டையைக் கேட்டான். தந்ததோடு, இன்னோர் ஆணையும் போட்டார். இனி எப்போது சபை கூடினாலும் உலகளந்தான் முதலில் துவாரத்தை அடைப்பான், அப்புறம்தான் பேச்சு. அன்று முதல், வாயில் போட்ட வெற்றிலை சிவப்பதற்குள் முடிவு வந்தது. கோடையில் மழை இருக்காதே, அப்போது என்ன செய்வது என்று ஆலோசிக்க ஒரு சபை கூட்டலாம் என்றார் பிரதானி. யாரும் வரவில்லை.

தை பிறந்தது. ஆலங்கரையில் அமோக விளைச்சல். ஒருநாள் பிரதானி உலகளந்தானைத் தேடிக்கொண்டு வந்தார், ஏதோ எரிச்சலில். "எங்கே அந்த மடையன்?" என்று வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"இதோ வந்துட்டேன் சாமி!" புது அரிசி மூட்டையைத் தோளில் சுமந்தபடி ஒச்சப்பன் வந்து நின்றார். மூட்டையை இறக்கிப் பிரதானியின் காலடியில் வைத்தார். "உங்களத்தான் பாக்க வந்தேன். அன்னிக்கு மொதல்ல 'தெற'ன்னு சொன்ன புண்ணியவான் நீங்கதானே. என் பேரனுக்கு உங்க பேரத்தான் வச்சிருக்கோம்."

மேலே மாடத்திலிருந்து அரசர் சிரிக்கும் சத்தம் கேட்டது. தூணோரம் உலகளந்தான் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பிரதானி இரண்டு பேரையும் பார்த்தார், ஒச்சப்பனைப் பார்த்தார். பிறகு குனிந்து, யாரையும் கேட்காமல், அரிசி மூட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.