நடவுக்காரி ஏன் பின்னால் நடக்கிறாள்

அந்தக் காலத்தில் நெல்லுக்கு வாய் இருந்தது. நண்டுக்கும் யானைக்கும்கூட இருந்தது. எல்லாம் மனிதர்களோடு பேசிக்கொண்டுதான் இருந்தன. மனிதர்கள்தான் பாதி நேரம் காது கொடுக்கவில்லை. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை, விடுங்கள்.

நாணல்கரை என்று ஓர் ஊர். ஊருக்குக் கிழக்கே ஆறு, மேற்கே யானைகளின் காடு. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வயல்வெளி. அதில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு துண்டு உண்டு. மழை பெய்து மண் இளகியதும் விதையை அள்ளி வீசுவார்கள். விழுந்த இடத்தில் முளைக்கும், முளைத்த இடத்தில் வளரும், விளைந்ததை அறுப்பார்கள். விவசாயம் என்றால் அவ்வளவுதான்.

ஊர் சின்னதாக இருந்தவரை அது போதுமாக இருந்தது. பிறகு பிள்ளைகள் பிறந்தார்கள், அந்தப் பிள்ளைகளுக்கும் பிள்ளைகள் பிறந்தார்கள். புதிதாக அடுப்பு மூட்டிய ஒவ்வொரு குடிக்கும் பெற்றவர்கள் தங்கள் வயலில் ஒரு துண்டைப் பிரித்துக் கொடுத்தார்கள். வயிறுகள் வளர்ந்தன, வயல் வளரவில்லை.

மூன்று தடவை யானைகளிடம் கேட்டு, காட்டின் ஓரத்தை வாங்கித் திருத்தினார்கள். நான்காம் தடவை ஊர்த்தலைவர் சடையன் போனபோது, இனி ஒரு முழம்கூடக் கிடையாது என்றது கொம்பன் யானை. எங்கள் குட்டிகளும்தான் பெருகுகின்றன, அவை எங்கே போய் நிற்கும் என்று கேட்டது. சடையன் வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

அப்போது நாணல்கரைக்காரர்களுக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒரு மரக்கால் விதைக்கு இவ்வளவு விளைந்தால், இரண்டு மரக்கால் விதைக்கு இரண்டு மடங்கு விளையாதா? அப்படியே விதைத்தார்கள். ஊசி நுழைய இடமில்லாமல் பயிர் முளைத்தது. ஊரே வரப்பில் நின்று பார்த்துப் பூரித்தது. அறுத்துப் பார்த்தால் வைக்கோல்தான் போர் போராகக் குவிந்தது. நெல் முன்பைவிடக் குறைந்தது, அதிலும் பாதி பதர். அடுத்த வருடம் என்ன செய்தார்கள் என்கிறீர்கள்? மூன்று மரக்கால் விதைத்தார்கள்.

அந்த வருட அறுவடை தொடங்கி, களத்தில் நெல் எவ்வளவு தேறும் என்று தெரிந்ததுமே சடையன் ஊரைக் கூட்டினார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் இருக்கிற சோற்றை எத்தனை இலைக்குத்தான் பரிமாறுவது? அடுத்த அறுவடையில் எந்தக் குடியின் வயல் அந்தக் குடியின் வாய்களுக்குப் போதவில்லையோ, அந்தக் குடி ஆற்றைக் கடந்து போய்விட வேண்டும் என்று சொன்னார். ஆற்றுக்கு அப்பால் கல்லும் கள்ளியும்தான். முன்பே பசி தாங்காமல் அந்தப் பக்கம் போன இரண்டு குடிகள் என்ன ஆனார்கள் என்று யாருக்கும் தெரியாது.

ஆகச் சின்னத் துண்டு வைத்திருந்தவை ஐந்து குடிகள். அதில் ஒன்று, கல்யாணமாகி மூன்று மாதமே ஆன சிட்டாளுடையது. அவளுடைய அம்மா மாராயி கூட்டத்தில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சாதாரணமாக அவள் வாய்க்குப் பூட்டுக் கிடையாது. அவள் சும்மா இருக்கிறாள் என்றால் ஊர் கொஞ்சம் கவலைப்பட வேண்டும்.

மறுநாள் மாராயி தன் வயலை அறுத்துக்கொண்டிருந்தாள். எங்கே கை வைத்தாலும் சோகை பிடித்த பயிர். ஒன்றுக்கு ஒரு கதிர், மிஞ்சிப்போனால் இரண்டு. வரப்போரம் வந்தபோது அரிவாள் கொத்தாகக் கிளைத்து நின்ற ஒரு தூரில் நின்றுவிட்டது. இடக்கையால் வளைத்துப் பிடித்தாள், பிடிக்குள் அடங்கவில்லை. உட்கார்ந்து எண்ணினாள். முப்பத்திரண்டு கதிர்கள், எல்லாம் முற்றிய மணி. அதைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்கு வேறு பயிரே இல்லை. நடுவில் ஒரு நண்டு வளை இருந்தது.

நண்டைக் கூப்பிட்டு விசாரித்தாள். அது தயங்கித் தயங்கி வெளியே வந்து, வளை தோண்ட இடம் வேண்டியிருந்ததால் சுற்றி நின்ற இளம்பயிரை எல்லாம் கத்தரித்துத் தின்றுவிட்டதாக ஒப்புக்கொண்டது. இது ஒன்றுதான் தப்பித்ததாம். திட்டு விழுமோ என்று பயந்து உடனே உள்ளே போய்விட்டது.

மாராயி நெல்லிடமே கேட்டாள். உனக்கு மட்டும் எப்படி இத்தனை கதிர்?

"எனக்கு மட்டுந்தான்னு யாரு சொன்னா?" என்றது நெல். "தோளோட தோள் இடிச்சுக்கிட்டு நின்னா வெயிலும் படாது, வேரும் ஓடாது. எல்லார் வயித்துலயும் முப்பது பிள்ளை இருக்கு மாராயி. பெத்துப்போட எடந்தான் இல்ல."

மாராயிக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை வருடம் விதையைக் கொட்டிக் கொட்டி நெல்லை மூச்சு முட்ட வைத்திருக்கிறோமே என்று நினைத்தாள். அப்படியானால் இனிமேல் இடைவெளி விட்டு விதைக்கிறேன் என்றாள். நெல் அதற்கும் சம்மதிக்கவில்லை. முளைத்த புதிதில் தனியாக நின்றால் குருவி விடாது, களை அமுக்கிவிடும், ஒரு பெருமழைக்குத் தாங்காது. குழந்தையாக இருக்கும்போது கூட்டம் வேண்டும், வளர்ந்த பிறகு இடம் வேண்டும் என்றது.

"அப்பக் கூட்டமா வளத்து, தனித்தனியாக் குடி வைக்கிறேன்" என்றாள் மாராயி.

நெல் நடுங்கியது. குடி வைப்பது என்றால் வேரோடு பிடுங்க வேண்டும். பிடுங்கிய பயிர் பிழைத்ததாக எந்த வயலிலும் கேள்விப்பட்டதில்லை. அதனால் அது ஒரு வாக்குக் கேட்டது.

"பிடுங்கினவ முதுகைக் காட்டிப் போயிட்டா, தூக்கி எறிஞ்சுட்டான்னு நெனைச்சு எங்க பிள்ளைக செத்துப்போகும். நட்டு முடிக்கிற வரைக்கும் அதுக மொகத்தைப் பாத்துக்கிட்டே இருக்கணும். திரும்பக் கூடாது."

"திரும்ப மாட்டேன்" என்றாள் மாராயி. அந்தத் தூரை அறுத்து, மணிகளை விதைக்கென்று தனியாக முடிந்து வைத்தாள்.

அடுத்த பருவம் வந்தது. எல்லோரும் மூன்று மரக்கால், நான்கு மரக்கால் என்று விதைத்தார்கள். மாராயி, முடிந்து வைத்த மணிகளையும் சேர்த்து, தன் வயலின் ஒரு மூலையில் மட்டும் நெருக்கமாக விதைத்தாள். மீதி வயலையும் மகளின் துண்டையும் மருமகனை விட்டு உழவைத்து, தண்ணீர் கட்டிச் சும்மா போட்டாள். மிஞ்சிய விதைநெல்லைக் குத்தி, மசக்கையில் வாடிக் கிடந்த சிட்டாளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். ஊர் சும்மா இருக்குமா? விதைநெல்லைக் குத்தித் தின்ற வீடு விளங்குமா என்று கிணற்றடியில் பேசினார்கள். சொந்த மகளை அவளே ஆற்றில் தள்ளுகிறாள் என்றும் சொன்னார்கள்.

இருபத்தைந்தாம் நாள் மாராயி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மூலையில் இறங்கினாள். முதல் பிடி நாற்றைப் பிடுங்கினாள். வேர் அறுகிற சத்தமும் பயிரின் அழுகையும் சேர்ந்து கேட்டன. அவளுக்கும் கண்ணீர் கொட்டியது. ஆனால் கை நிற்கவில்லை.

செய்தி கேட்டுச் சடையன் ஓடி வந்தார். பின்னாலேயே ஊரும் வந்தது.

"தங்கச்சி, வளர்ற பயிரைப் பிடுங்குறது பாவம். நிறுத்து."

"அண்ணே, நீங்க அஞ்சு குடியைப் பிடுங்கி ஆத்துக்கு அங்கிட்டு எறியப் போறீங்க. நான் பிடுங்கினதை நட்டு வைக்கப் போறேன். ரெண்டுல எது பாவம்னு வரப்புல நின்னு யோசிங்க."

சடையன் வரப்பிலேயே நின்றார்.

மாராயி நடத் தொடங்கினாள். இரண்டு மூன்று நாற்றாக எடுத்துச் சேற்றில் ஊன்றுவாள், ஒரு சாண் தள்ளி அடுத்ததை ஊன்றுவாள். ஒரு வரிசை முடிந்ததும் முன்னே போக முடியவில்லை. போனால் நட்டதை மிதிக்க வேண்டும், தாண்டிப் போனால் முதுகைக் காட்ட வேண்டும். அதனால் குனிந்தபடியே ஒரு அடி பின்னால் வைத்தாள். அப்படியே வரிசை வரிசையாகப் பின்னால் போனாள். ஒருமுறை வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். ஊர் சிரித்தது. ஒரு குசும்பன், அவளைத் திரும்ப வைக்க வேண்டுமென்றே, பின்னால் பாம்பு வருகிறது என்று கத்தினான்.

"பாம்புக்குக் கண்ணு இருக்குல்ல, அது ஒதுங்கிப் போகட்டும்" என்றாள் அவள், திரும்பாமலே. பொழுது சாய்வதற்குள் தன் வயலை முடித்தாள். மறுநாள் மகளின் துண்டையும் முடித்தாள். அந்த ஒரு மூலை நாற்று இரண்டு வயலுக்கும் போதுமாக இருந்தது.

மூன்றாம் நாள் பயிர் வெளுத்தது. நான்காம் நாள் மஞ்சளாகித் துவண்டது. சுற்றிலும் மற்றவர்கள் வயல் கரும்பச்சையாக நின்றது. வேண்டிய சாமான்களை இப்போதே கட்டி வைத்துக்கொள்ளச் சொல்லிச் சிட்டாள் வீட்டுக்குச் சடையன் ஆள் விட்டார். சிட்டாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

"ஆத்தா, செத்துருச்சு" என்று அழுதாள்.

மாராயி வரப்பில் உட்கார்ந்து பயிரோடு பேசிப் பார்த்தாள். அது பதில் சொல்லவில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் எழுந்து போகவில்லை. பிடுங்கி எடுத்து வந்தால் யாருக்குத்தான் கோபம் வராது என்று மகளிடம் சொன்னாள். பிறகு பயிரைப் பார்த்து, "நீ பேச வேண்டாம் கண்ணு. நான் இங்கயேதான் இருப்பேன்" என்றாள். விடிந்தால் வருவாள், இருட்டினால் போவாள். போகும்போதும் வரப்பின் கடைசி வரை பின்னாலேயே நடந்து போவாள்.

எட்டாம் நாள் காலையில் நடுக்குருத்தில் பச்சை தெரிந்தது. மாராயி குனிந்து பார்த்தாள். பயிர் முகத்தைக் கொஞ்சம் உம்மென்று வைத்துக்கொண்டே ஒரு வார்த்தை பேசியது.

"தண்ணி."

மாராயி சிரித்துக்கொண்டே ஓடிப்போய் மடையைத் திறந்தாள்.

அதற்குப் பிறகு அது நின்று பேசவே நேரமில்லாமல் வளர்ந்தது. ஒரு தண்டு ஐந்தானது, ஐந்து பதினைந்தானது. வேருக்கு ஓட இடம் இருந்தது, இலைக்கு வெயில் இருந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மெதுவாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். பாம்பு என்று கத்தியவன் வேறு வழியாகப் போக ஆரம்பித்தான். கதிர் வந்தபோது ஒவ்வொரு தூரும் தலை தாழ்ந்து நின்றது. அந்தப் பாரத்தோடு வாய் திறக்க முடியாமல் நெல் பேச்சையே விட்டுவிட்டது. இன்றுவரை திரும்பப் பேசவில்லை.

அறுவடைக்குப் பத்து நாள் முன்பு சிட்டாளுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. களத்தில் சடையன் தன் கையாலேயே மரக்கால் பிடித்து அளந்தார். சிட்டாளின் சின்னத் துண்டு மூன்று வாய்களுக்கும் போதுமென விளைந்து, மேலும் மிஞ்சியது. மாராயியின் களத்தில் அளக்க அளக்கக் குறையவில்லை. அவர் பாதியில் மரக்காலைக் கீழே வைத்துவிட்டார். போக வேண்டிய மற்ற நான்கு குடிகளும் களத்தோரம் மூட்டையோடு நின்றிருந்தார்கள். மாராயி அவர்களைக் கூப்பிட்டு, மூட்டையை அவிழ்த்து இந்தக் குவியலைக் கட்டச் சொன்னாள். யாரும் ஆற்றைக் கடக்கவில்லை. இரண்டு பேர் மட்டும் கடந்தார்கள், முன்பு போன குடிகளைத் தேடிக் கூட்டி வருவதற்காக. அவர்கள் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தபோது நாணல்கரையில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

சடையன் மாராயியிடம் வந்தார். அடுத்த வருடம் தன் வயலுக்கும் நட வர வேண்டும் என்று கேட்டார்.

"வர்றேண்ணே. ஒருத்தி நட்டுத் தீராது. உங்க வீட்டுப் பொம்பளைகளையும் எறங்கச் சொல்லுங்க. ஆனா வாக்கு வாக்குத்தான், ஒருத்தியும் திரும்பக் கூடாது."

பிறகு சடையன் காட்டுக்கும் போனார். கொம்பன் யானை அவரைப் பார்த்ததும் காதை விடைத்துக்கொண்டு நின்றது. இடம் கேட்க வரவில்லை, இனி வரவும் மாட்டோம், எங்கள் வயலுக்குள்ளேயே இன்னொரு வயல் இருந்திருக்கிறது என்று சொன்னார். யானை காதை இறக்கிக்கொண்டு குட்டிகளை மேய விட்டது.

அன்றைக்குத் தொடங்கியதுதான், நட்ட பயிர் ஒரு வாரம் வெளுத்து நின்று கோபம் தீர்ந்த பிறகே பச்சை பிடிப்பது. நடவுக்கு இறங்குகிற பெண்கள் நட்ட நாற்றின் முகத்தைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் நடந்து போவதும் அன்றைக்குத் தொடங்கியதுதான். மாராயி கொடுத்த வாக்கை, சோறு தின்கிற எல்லோருக்காகவும், அவர்கள் இன்னும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.