காலில் ஊற்றிய தண்ணீர்

என் பெரிய மகள் வேலைக்குச் சேர்ந்த வாரம், திருப்புகழ் வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் மங்கையர்க்கரசி அக்கா எனக்கு இதைச் சொன்னார்.

"சாமி, நீங்க வாக்குத் தவறிட்டீங்க," என்றான் மருதவாணன்.

மூட்டையைக் கட்டிக் கையில் வைத்திருந்தான்.

குரு பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மலை மடத்து நந்தவனத்தில் பனி இறங்கிவிட்டால் செடி எது, மனுஷர் எது என்று தெரியாது.

மாலை கட்டும் வேலைக்கு வந்தவன் அவன். புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் வாசலில் நிறுத்தி, குருவே செம்பெடுத்துக் காலில் தண்ணீர் ஊற்றுவது அங்கே வழக்கம். வெதுவெதுவென்று துளசி வாசனையோடு அது பட்டதும் இவனுக்குக் கண் சொருகிவிட்டது. இனி இவர் நம்மைப் பிள்ளை மாதிரி வைத்துக்கொள்வார் என்று நினைத்தான். பழைய பூக்கடை வேலையை விட்டாயிற்று. காலில் தண்ணீர் ஊற்றி வரவேற்கிறார்கள், உனக்கும் இங்கே இடமுண்டு என்று ஆற்றுக்கு அப்பால் இருந்த மனைவிக்கும் சொல்லி அனுப்பிவிட்டான்.

மறுநாள் காலை, அதே வாசலில் போய் நின்றான்.

யாரும் வரவில்லை.

"என்ன மாப்பிள்ளை, கால் கழுவிவிட ஆள் வேணுமா?" என்று சிரித்துக்கொண்டே போனார் சமையல்காரர்.

அப்புறம் குரு அவனை ஏறிட்டும் பார்க்கவில்லை. பூப் பறி, நார் கிழி, தண்ணீர் இறை. அவ்வளவுதான்.

"நான் என்னப்பா வாக்குக் கொடுத்தேன்?" என்றார் குரு, பனியிலிருந்து கண்ணெடுக்காமல்.

மருதவாணன் யோசித்துப் பார்த்தான். அன்றைக்கு அவர் வாயே திறக்கவில்லை.

"அவ வந்துட்டு இருக்கா சாமி. அவகிட்ட நான் என்ன சொல்றது?"

குரு தண்ணீர் நிறைந்த செம்பை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

பனிக்குள்ளிருந்து அவன் மனைவி அன்னக்கொடி வந்தாள். வாசலில் நின்று, பாதத்தை நீட்டி, கனவில் பார்ப்பதுபோல அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

செம்பு கனத்தது.

"இரு அன்னம். இது இன்னிக்கு மட்டுந்தான். நாளையிலேருந்து விடியறதுக்குள்ள எழுந்து நாமளே இறைச்சுக்கணும். சோறு உண்டு, பூ உண்டு. சாப்பிட்டியான்னு கேக்க ஆள் இருக்காது. முடியாதுன்னா சொல்லு, இப்பவே திரும்பிடலாம்."

அவள் நீட்டிய பாதத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"கிணறு ஆழமா?"

"ஆழந்தான்."

"சரி, ஊத்துங்க."

பின்னால் குருவின் குரல் தணிந்து கேட்டது.

"இத்தனை வருஷத்துல தண்ணி ஊத்தறப்போ இதை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லையப்பா."

உங்களுக்குத் தெரிந்து யாராவது இந்த வாரம் புது வேலைக்குப் போகிறார்களா? பேரை மட்டும் எனக்குச் சொல்லுங்கள். விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன்.