கண்ணுக்குத் தெரியாத இருநூறு பொன்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் ஆசை அதிகமாகவும் இருந்த நாளில், செழியதரன் என்றொரு ராஜா இருந்தார். அவருக்கு ஒரே மகள், வடிவுடைநாச்சி. வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்களே, அதில் கல்யாணத்தை ராஜா முதலில் பண்ணிப் பார்த்துவிட்டார். மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரப்போகிறாள் என்று சேதி வந்ததும், வீட்டையும் கட்டிப் பார்ப்போம் என்று இறங்கினார். ஏரிக்கரையில் காற்று நன்றாக வருகிறதென்று அங்கே ஒரு புது மாளிகை எழும்பியது.

மாளிகை என்றால் மாளிகை. தேக்குத் தூண், சந்தனக் கட்டில், கண்ணாடி பதித்த கூடம். நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினார்கள். வந்த பெண்டுகள் பாலைக் குடித்துவிட்டு வெளியே வந்தபோதுதான் ஒரு விஷயம் புலப்பட்டது. தெருவிலிருந்து வாசற்படிக்கு வண்டி வரப் பாதையே இல்லை. நடுவே இருநூறு அடிக்கு வெறும் கரிசல் காடு. இத்தனை பேர் கூடிக் கட்டியும் ஒருவருக்கும் அந்த நினைப்பு வரவில்லை.

பல்லக்கில் தூக்கி வரலாமே என்றால் அதுவும் முடியாது. சூல்கொண்ட பெண்ணைத் தோளில் தூக்கக் கூடாது என்பது மாப்பிள்ளை வீட்டு வழக்கம். மாட்டு வண்டியில்தான் வரவேண்டும். போன வருஷம் வடிவுக்கு இப்படி ஒன்று உண்டாகி, மேடுபள்ளத்தில் வண்டி ஆடிய ஆட்டத்தில் மூன்றாம் மாசமே கலைந்துபோயிருந்தது. இந்தத் தடவை ஒரு குலுக்கலும் ஆகாது என்று மருத்துவச்சி சொல்லி அனுப்பியிருந்தாள். வடிவு வருவதோ ஐப்பசி அடைமழையில்.

பாதை போடும் பொறுப்பை ராஜா தம் விகடகவி குழைக்காதரிடம் கொடுத்தார். சபையைச் சிரிக்கவைக்கிற குழைக்காதருக்குப் பிள்ளை கிடையாது. வடிவு நடை பழகியது அவர் விரலைப் பிடித்துத்தான். போன வருஷம் அந்தச் சேதி வந்தபோது அவர் மூன்று நாள் சபைக்கே வரவில்லை, வயிற்றுவலி என்று சொல்லிவிட்டார்.

அவர் மாடக்கண்ணுக் கொத்தனாரை அழைத்துக்கொண்டு போய் நிலத்தைப் பார்த்தார். ஆடி மாசத்து வெயிலில் கரிசல் வெடித்துக் கிடந்தது. கொத்தனார் ஒரு வெடிப்பில் கையை விட்டார், முழங்கை வரை போயிற்று. இந்த மண் வெயிலில் வாய் பிளக்கும், மழையில் ஊதும், மேலே எதை வைத்தாலும் புரட்டிவிடும் என்றார் அவர். இடுப்பளவு தோண்டிக் கரிசலை அப்புறப்படுத்த வேண்டும், சரளையும் மணலும் கொட்டி, தண்ணீர் விட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து, படை படையாக இறுக்க வேண்டும், இரண்டு பக்கமும் மழைத்தண்ணீர் ஓட வாய்க்கால் வெட்ட வேண்டும், அப்புறந்தான் கல். எல்லாம் சேர்த்து முந்நூறு பொன் ஆகும் என்றார்.

சபையில் இதைச் சொன்னதும் கருவூலத் தலைவர் பிறைசூடியார் எழுந்தார். குழைக்காதரைக் கண்டாலே அவருக்கு ஆகாது. ராஜா அவரைப் பார்த்துச் சிரிக்கிறாரே, நம்மைப் பார்த்துச் சிரிப்பதில்லையே என்று பல வருஷப் புகைச்சல். இருநூறு அடிக்குக் கல் பாவ நூறு பொன் போதும் என்று அவர் விரல் மடக்கிக் கணக்குச் சொன்னார். மீதி இருநூறு பொன்னை மண்ணுக்குள் புதைக்கிறாராம், புதைத்ததை யார் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று குத்தலாகக் கேட்டார்.

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "குழைக்காதரே, கண்ணுக்குத் தெரியாத எதற்கும் இனி நம் கருவூலத்திலிருந்து ஒரு பொன்னும் போகாது. இது ஆணை. இருநூறு பொன்னுக்கு நீர் என்ன வாங்கப் போகிறீர் என்பதை மூன்று நாளைக்குள் என் கண்ணுக்குக் காட்டும். காட்ட முடியாவிட்டால் இந்த ஊரில் இராதேயும்" என்றார்.

இந்த ஆணையை அரண்மனையில் நிறைவேற்றும் வேலையையும் குழைக்காதரிடமே கொடுக்கலாம் என்று பிறைசூடியார் கேலியாகச் சொல்லிவைத்தார். ராஜாவும் ஆகட்டும் என்றார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டோம் என்பது பிறைசூடியாருக்கு அப்போது தெரியவில்லை.

நூறு பொன்னுக்கே போட்டுவிடுகிறேன் என்று குழைக்காதர் தலையாட்டியிருந்தால் அவருக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் அந்தக் கல்லின் மேல் வடிவின் வண்டி ஏறுவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஊரை விட்டுப் போனாலும் போகலாம், இதற்கு மட்டும் தலையாட்டக் கூடாது என்று முடிவு செய்துகொண்டார்.

மறுநாள் ராஜா சாப்பிட உட்கார்ந்தார். தங்கத் தட்டில் பச்சை அரிசி, பக்கத்தில் வேகாத கத்தரிக்காய், ஒரு கிண்ணத்தில் துவரம்பருப்பு. ராஜா சமையல் செய்யும் தவசிப்பிள்ளையைப் பார்த்தார், தவசிப்பிள்ளை குழைக்காதரைப் பார்த்தார்.

"விறகுச் செலவை நிறுத்திவிட்டேன், மகாராஜா. சோற்றில் விறகு கண்ணுக்குத் தெரிவதில்லை" என்றார் குழைக்காதர் பணிவாக.

ராஜா இரண்டு வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு, கோபத்தைத் தூங்கித் தீர்க்கலாம் என்று கட்டிலுக்குப் போனார். பட்டு விரிப்பின்மேல் சாய்ந்தவர் மெத்தையோடு தரைக்குப் போய்விட்டார். மெத்தைக்கு அடியில் கட்டிலில் பின்னியிருக்கும் நாடாவும் கண்ணுக்குத் தெரியாதது என்று குழைக்காதர் அவிழ்த்திருந்தார். கைகொடுத்துத் தூக்க முதலில் ஓடிவந்தவர் பிறைசூடியார்தான். வந்தவர் இதுதான் சமயமென்று, குழைக்காதர் தம் சம்பளத்தையும் நிறுத்திவிட்டதாக முறையிட்டார்.

ராஜா இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏன் என்று கேட்டார்.

"அவருக்குச் சம்பளம் அறிவுக்காகக் கொடுக்கிறோம், மகாராஜா. நானும் நேற்றிலிருந்து உற்று உற்றுப் பார்க்கிறேன், ஒன்றும் தென்படவில்லை" என்றார் குழைக்காதர்.

காவற்காரர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். ராஜாவின் மீசை துடித்தது. ஆனால் அவர் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். "இதெல்லாம் உமது விகடம். அது கல்லும் மண்ணும். இருநூறு பொன் எங்கே என்று கேட்டேன், அதற்கு இன்னும் பதில் வரவில்லை" என்றார்.

குழைக்காதரின் முகத்திலிருந்த குறும்பு போய்விட்டது. "மகாராஜா, தங்கள் பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா?"

"இன்னும் பிறக்கவே இல்லையே."

"அப்படியானால் ஆணைப்படி அந்தப் பிள்ளைக்கு ஒரு பொன்னும் செலவழிக்கக் கூடாது. வடிவு மட்டும் வருவதாக இருந்தால் எனக்குப் பாதையே வேண்டாம். அவள் சிறு பிள்ளையாக இருந்தபோது இதே கரிசலில் அவளும் நானும் ஓடிப் பிடித்து விளையாடியிருக்கிறோம். மேலே போடும் கல் நூறு பொன், அது வண்டிச் சக்கரத்துக்கு. கீழே போகும் இருநூறு, உள்ளே இருக்கிற குழந்தைக்கு. அந்தப் பிள்ளையைத் தங்கள் கண்ணுக்குக் காட்ட என்னால் இப்போது முடியாது. ஐப்பசி கழியட்டும், பத்திரமாகக் காட்டுகிறேன். அதுவரை பொறுக்க முடியாதென்றால் இன்றே ஊரை விட்டுப் போகிறேன்."

போன வருஷம் வந்த அந்த ஓலையை ராஜாவும் மறந்தவரல்ல. கிழிந்த மெத்தைப் பஞ்சு தோளில் ஒட்டியிருக்க, அப்படியே தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு மாடக்கண்ணுக் கொத்தனாரைக் கூப்பிடச் சொன்னார். பக்கத்தில் நின்ற பிறைசூடியாரிடம் முந்நூறு பொன்னை எண்ணி வைக்கச் சொன்னார்.

பிறைசூடியார் விட்டுக்கொடுக்கவில்லை. தம் வீட்டு வாசலுக்கு நூறு பொன்னில் பாதை போட்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. முதல் மழையில் அந்தக் கற்கள் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டன, இரண்டாம் மழையில் அவருடைய வண்டி அச்சு வரை இறங்கிவிட்டது.

அந்த மழையில்தான் வடிவு வந்தாள். மருத்துவச்சி வண்டிக்குள்ளே, ராஜா குடையோடு வாசற்படியில், குழைக்காதர் குடையில்லாமல் தெரு முனையில். அங்கிருந்து வண்டியோடு கூடவே நடந்தார். சக்கரம் உருண்ட ஒவ்வொரு அடிக்கும் அவர் பார்வை கீழேதான் இருந்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடியது, கல் ஒன்றும் அசையவில்லை.

வண்டி படியருகே வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை. ராஜா பதறிப்போய்த் திரையை விலக்கினார். மருத்துவச்சி உதட்டில் விரலை வைத்தாள். வடிவு ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

எழுப்ப வேண்டாம் என்று ராஜா சைகை காட்டிவிட்டுக் குடையை வண்டிப் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். ஒரு நாழிகை அப்படியே நின்றார்கள். மாடுகளும் என்ன புரிந்ததோ, மணி குலுங்காமல் நின்றன.

வடிவு தானாகக் கண் விழித்தாள். அப்பாவின் நனைந்த மீசையைப் பார்த்துத் திடுக்கிட்டு, "கரிசல் காடு வந்துவிட்டதா அப்பா? கெட்டியாகப் பிடித்துக்கொள்ளணும், வரும் முன்னாலேயே எழுப்பச் சொன்னேனே" என்றாள்.

ராஜாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. ஏரிக்கரைக் கொக்கெல்லாம் எழுந்து பறக்கிற மாதிரி சிரித்தார். சிரித்துக்கொண்டே தம் முத்துமாலையைக் கழற்றி, மழையில் தொப்பலாக நின்ற குழைக்காதரின் கழுத்தில் போட்டார்.

"இது எதற்கு மகாராஜா? நான் இன்னும் பிள்ளையைக் காட்டவில்லையே" என்றார் குழைக்காதர்.

ராஜா குடையை அவர் தலைக்கும் சேர்த்துப் பிடித்தபடி, "காட்டிவிட்டீர், நான் பார்த்துவிட்டேன்" என்றார்.